சிப்பிப்பாறை, கன்னி நாய்கள்: வளர்க்கிறவர்களும் வளர்க்க நினைப்பவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பழைய திருநெல்வேலி ஜில்லாவின் வடக்குக் கரிசலில், சங்கரன்கோவில், கழுகுமலை, கோவில்பட்டி வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் நாய்கள் இவை. மாவட்டங்கள் பிரிந்தபின் அந்த நிலம் தென்காசி, தூத்துக்குடி, விருதுநகர் என்று சிதறிக் கிடக்கிறது. சிப்பிப்பாறை கிராமம் விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது. இப்போது பாளையங்கோட்டை மாடிவீட்டிலும் வள்ளியூர் தோட்டத்திலும் இவற்றை வாங்கிக் கட்டுகிறார்கள். அதனால் கேள்விகளும் மாறியிருக்கின்றன.

சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம், கோம்பை: எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

சிப்பிப்பாறையும் கன்னியும் ஏறக்குறைய ஒரே வார்ப்பு. நீண்ட முகம், ஆழமான நெஞ்சு, ஒட்டிய வயிறு, மெல்லிய வால். தோள் உயரம் சுமார் 2 அடி. கடுவன் 25 அங்குலம் வரை வரும். எடை 15 முதல் 20 கிலோ. கருப்பு உடம்பில் புருவம், மூக்கோரம், நெஞ்சு, கால் எல்லாம் செம்பழுப்பாக இருந்தால் கன்னி. வெளிர் நிறத்தில் வருவதைப் பால்கன்னி என்பார்கள். சாம்பல், செவலை, பழுப்பு போன்ற ஒற்றை நிறங்களில் வருவதைச் சிப்பிப்பாறை என்று சொல்வது வழக்கம்.

ராஜபாளையம் இவற்றைவிட எலும்பு கனத்தது, பால்வெள்ளை, மூக்கு இளஞ்சிவப்பு. அந்த வெள்ளையோடு காது கேளாமையும் சில குட்டிகளுக்கு வரும். குட்டி வாங்கும்போது அதன் பின்னால் நின்று, அது பார்க்காதபடி கை தட்டிப் பாருங்கள். கோம்பை தேனிப் பக்கத்து நாய். முகவாய் கருத்து, உடம்பு திரண்டிருக்கும், காவலுக்கானது. ஓட்ட வார்ப்பு அதற்குக் கிடையாது.

சந்தையில் கிரேஹவுண்ட் என்ற வெளிநாட்டு ஓட்ட நாய் கலந்த குட்டிகள் 'ஒரிஜினல் சிப்பிப்பாறை' என்ற பெயரில் நிறைய வருகின்றன. தொடைச் சதை உருண்டு திரண்டு, காது பின்னால் மடங்கிச் சுருண்டிருந்தால் சந்தேகப்படுங்கள். கலப்பு நாய் கெட்ட நாய் இல்லை. பெயர் மாற்றி விற்பதுதான் தப்பு.

நல்லாத்தான் சாப்பிடுது, ஆனாலும் எலும்பும் தோலுமா இருக்கே?

பெரும்பாலும் அது இருக்க வேண்டியபடிதான் இருக்கிறது. வளர்ந்த நாய்க்குக் கடைசி இரண்டு மூன்று விலா எலும்பும் இடுப்பு எலும்பு முனையும் தெரிவது சரியான உடம்பு. எல்லா விலாவும் எண்ணும்படி தெரிந்து, முதுகுத்தண்டு வரிசையாகப் புடைத்து, தொடையில் குழி விழுந்தால்தான் மெலிவு. அப்போது முதலில் பார்க்க வேண்டியது குடற்புழு, இரண்டாவது உண்ணிக் காய்ச்சல். தீனியைக் கூட்டுவது மூன்றாவதுதான். அக்கம்பக்கத்தார் பேச்சுக்குப் பயந்து விலா மூடும்வரை ஊட்டினால் மூட்டு போய்விடும்.

கூப்பிட்டால் வருவதில்லை. புத்தி மட்டா?

இல்லை. இந்த நாய் கண்ணால் வேட்டையாடும் நாய். நீண்ட முகமுள்ள நாய்களுக்கு விழித்திரையில் பார்வை செல்கள் கிடையாக ஒரு பட்டைபோல் செறிந்திருக்கும். அடிவானம் முழுவதும் ஒரே நேரத்தில் கண்ணுக்குள் இருக்கும். பொட்டல்காட்டில் முயல் எழுந்தால் மனிதன் பார்த்துச் சொல்லும்வரை காத்திருந்தால் ஆகாது. பார்த்த மாத்திரத்தில் தானே முடிவெடுத்து ஓடிய நாயைத்தான் பெரியவர்கள் விதைக்கு வைத்தார்கள். மேய்ச்சல் நாய் எஜமான் முகத்தைப் பார்த்து வேலை செய்யும். இது ஓடும் பொருளைப் பார்த்து வேலை செய்யும். அந்த நேரத்தில் உங்கள் குரல் அதற்குக் காற்றுச் சத்தம்.

ஆகவே 'சொன்னதைக் கேட்க வேண்டும்' என்று அடம்பிடிப்பதைவிட, தப்பான முடிவெடுக்க அதற்கு வாய்ப்பே கொடுக்காமல் சுவர், கயிறு, நேரம் மூன்றையும் ஏற்பாடு செய்வது மேல். அடித்தால் பலன் சுத்தமாகக் கிடையாது. ஒருமுறை அடி வாங்கிய சிப்பிப்பாறை, அடித்த கைக்கு எட்டாத தூரத்தில் நிற்கக் கற்றுக்கொள்ளும், அவ்வளவே.

அப்படியானால் வரப் பழக்கவே முடியாதா?

முடியும், 10-க்கு 8 தடவை வரும் அளவுக்கு. குட்டி 8 வாரத்தில் வந்த நாளிலிருந்தே தொடங்குங்கள். தட்டை வைக்கும்போது ஒரே சத்தம்: விசில் இரண்டு, அல்லது பெயர். ஒரு மாதம் சாப்பாட்டு நேரம் தவிர வேறெதற்கும் அந்தச் சத்தத்தைக் கொடுக்காதீர்கள். பிறகு வாசலுக்குள் 10 அடி தூரத்திலிருந்து கூப்பிட்டு, வந்ததும் அவித்த ஈரலில் விரல்நுனி அளவு ஒரு துண்டு. அடுத்து 30 அடிப் பருத்திக் கயிறு கட்டிக் காலி மைதானத்தில். நைலான் கயிறு வேண்டாம். நாய் பாயும்போது உள்ளங்கைத் தோலை உரித்துவிடும். தடவைக்கு ஐந்து நிமிடம் போதும், ஆறாவது நிமிடத்தில் அது வேறெங்கோ பார்க்கத் தொடங்கிவிடும்.

கெடுத்துக்கொள்வது பெரும்பாலும் ஒரே இடத்தில்: ஓடிப்போய் அரைமணி கழித்து வந்த நாயை ஏசுவது. அது ஓடியதற்கு வாங்கிய ஏச்சாக எடுத்துக்கொள்ளாது, வந்ததற்கு வாங்கியதாக எடுத்துக்கொள்ளும். தப்பித்துவிட்டால் துரத்தவும் வேண்டாம். உங்களைவிட அது எத்தனையோ மடங்கு வேகம். எதிர்த்திசையில் நீங்கள் ஓடுங்கள். பல நாய்கள் திரும்பி உங்களைத் துரத்தி வரும்.

ஆடு, கோழி இருக்கிற வீட்டில் வைக்கலாமா?

மூன்று வாரம் முதல் பதினான்கு வாரம் வரை குட்டி பார்ப்பதெல்லாம் அதன் உலகத்தில் சேர்ந்துவிடும். அந்த வயதில் தினமும் ஆட்டுத் தொழுவுக்குள் கயிற்றோடு உட்காரவைத்தால் வீட்டு ஆடுகளை விட்டுவிடும். கோழியை நம்பாதீர்கள். படபடவென்று இறக்கை அடித்து ஓடும் எதையும் எட்டு மாதத்துக்குமேல் இது விடாது. வீட்டுக் கோழிக்குப் பழகிய நாய் பக்கத்து வீட்டுக் கோழியைப் பிடிப்பதும் உண்டு. அங்கே பஞ்சாயத்து உங்களுக்கு.

நெல்லைப் பக்கத்தில் பெரிய தலைவலி மயில். வயலெங்கும் மயில் நிற்கிறது, கொழுத்த மயில் உடனே எழும்பிப் பறக்காது. உங்கள் நாய் ஒரு மயிலைக் கடித்துப் போட்டால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

வேட்டைக்குக் கூட்டிப் போகலாமா? முயல்தானே?

கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி முயலும் பாதுகாக்கப்பட்ட விலங்கு. மயில், உடும்பு, வெளிமான் ஆகியவை அதன் முதல் அட்டவணையில் இருக்கின்றன; அவற்றை வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, 2022 திருத்தத்துக்குப் பின் அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். நாயை ஏவிப் பிடிப்பதும் வேட்டைதான்.

வல்லநாட்டு வெளிமான் சரணாலயத்தின் ஓரத்திலும், கூந்தன்குளத்தில் பறவைகள் தங்கும் காலத்திலும், களக்காடு முண்டந்துறை அடிவாரத்திலும் நாயை அவிழ்த்து விடாதீர்கள். வீட்டு நாயின் டிஸ்டெம்பர் கிருமி காட்டுக்குள் செந்நாய்க்குப் போனால் ஒரு கூட்டத்தையே அழிக்கக்கூடும். மலையடிவாரத் தோட்டங்களில் பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காயும், அதாவது கடித்தால் வெடிக்கும் இரையும் கிடக்கும். அதைக் கடித்த நாய்க்குத் தாடையே மிஞ்சாது.

வேட்டை இல்லாமல் ஓட்டத்தை எப்படித் தணிப்பது?

இவை நாள் முழுக்க ஓடும் நாய் இல்லை. சில நிமிடம் முழு வேகம், மீதி நேரம் தூக்கம். காலையில் 40 நிமிட நடையும், வாரம் மூன்று நாள் வேலியிட்ட இடத்தில் அவிழ்த்துவிட்ட ஓட்டமும் இருந்தால் வீட்டுக்குள் அமைதியாகக் கிடக்கும்.

இடம் இல்லாதவர்கள் 5 அடி மூங்கில் கம்பு நுனியில் 6 அடிக் கயிறும், அதன் முனையில் பழைய துணிமுடிச்சும் கட்டி, தரையோடு தரையாக வட்டமாக இழுங்கள். 10 நிமிட நடைக்குப் பிறகு 3 முதல் 5 நிமிட இழுப்பு, மறுபடி 10 நிமிட நடை. இடையிடையே பிடிக்க விடுங்கள். ஒருபோதும் பிடிபடாத துணியை ஒரு வாரத்தில் அது மதிக்காது. சிமெண்டுத் தரையில் இதைச் செய்தால் திரும்பும்போது நகம் உடையும், பாதத்தோல் கிழியும். மண்தரை வேண்டும், தேரிமணல் மாதிரிப் புதையும் மணலில் கால் தசை பிடித்துக்கொள்ளும்.

15 மாதம் ஆகும்வரை பைக்கோடு ஓடவிடுவது வேண்டவே வேண்டாம். எலும்பின் வளரும் முனைகள் மூடாத வயதில் தார்ரோட்டில் ஓடிய நாய்க்கு முன்னங்கால் வளைந்துபோகும். வளர்ந்தபின் பைக் ஓட்டத்துக்கும் நாங்கள் ஆதரவு இல்லை.

என்ன தீனி, எவ்வளவு?

கம்மங்கூழும் கேப்பைக் களியும் மோரும் குடித்தே வளர்ந்த நாய் என்பார்கள். உண்மைதான், ஆனால் அந்த நாய் காட்டில் எலியும் முயலும் பிடித்துத் தின்றது. கூழை மட்டும் வைத்துக் காட்டை மூடிவிட்டால் புரதம் எங்கிருந்து வரும்?

18 கிலோ எடையுள்ள, தினம் நடக்கிற நாய்க்கு ஒரு நாளைக்கு, வெந்த கணக்கில்: கம்பு, கேப்பை, சோறு ஏதாவது 350-400 கிராம், கோழிக்கறி, மாட்டுக்கறி அல்லது முள் எடுத்த சாளை மீன் 200-250 கிராம், அவித்த முட்டை ஒன்று, பூசணி அல்லது கேரட் ஒரு கைப்பிடி, எண்ணெய் ஒரு தேக்கரண்டி. காலை மாலை இரண்டாகப் பிரித்து வையுங்கள். ஈரல் வாரம் இரண்டு நாள், 50 கிராம் போதும். ஓட்டம் கூடிய வாரத்தில் கறியைக் கூட்டுங்கள், சோற்றைக் கூட்டாதீர்கள்.

குட்டிக்கு நாலு மாதம்வரை நாலு வேளை, ஆறு மாதம்வரை மூன்று வேளை. கறியும் சோறும் மட்டும் தின்று வளரும் குட்டிக்குச் சுண்ணாம்புச் சத்து போதாது, கால் வளையும். அதற்காகக் கால்சியம் டானிக்கை இஷ்டத்துக்கு ஊற்றினாலும் எலும்பு கோணும். அளவை மருத்துவர் எடை பார்த்துச் சொல்லட்டும்.

வேகவைத்த எலும்பு சில்லுசில்லாக உடைந்து குடலைக் குத்தும். வெங்காயம், பூண்டு போட்ட குழம்புச் சோறு இரத்தச் சிவப்பணுவை உடைக்கும்; நம் வீடுகளில் அதிகம் நடக்கும் தப்பு இதுதான். சாக்லேட், திராட்சை, கருவாடு எதுவும் வேண்டாம்.

சாப்பிட்டதும் ஓடவிடாதீர்கள், ஒரு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். நெஞ்சு ஆழமான நாய்களுக்கு இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வயிறு மத்தளமாக இறுகி, வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வராமல் தவித்தால் காலைவரை காத்திருக்கக் கூடாது. சில மணி நேரத்தில் செத்துவிடும்.

சாதாரணக் கழுத்துப்பட்டை கழன்று கழன்று வருகிறதே?

இந்த நாய்க்குக் கழுத்தைவிடத் தலை ஒடுக்கம். பின்னோக்கி இழுத்தால் எந்தப் பட்டையும் உருவிக்கொண்டு வரும். இழுத்தால் கொஞ்சம் இறுகி, விட்டால் தளரும் மார்ட்டிங்கேல் பட்டை வாங்குங்கள். ஒன்றரை முதல் 2 அங்குல அகலம். ஒல்லிப் பட்டை குரல்வளையை அறுக்கும்.

இழுத்து இறுகும் சுருக்குக் கயிற்றோடு கட்டிப்போட்டுவிட்டுப் போகாதீர்கள். பூனை ஒன்று குறுக்கே ஓடினால் நின்ற இடத்திலிருந்து முழு வேகத்தில் பாயும். கயிற்று முனையில் கழுத்து முறியக்கூடும். கட்டத்தான் வேண்டுமென்றால் 6 அடிக்குக் குறைந்த சங்கிலி, சுழலும் கொக்கி, நிழல், தண்ணீர். சுற்றுச்சுவர் 6 அடி இருக்கட்டும். 5 அடியைத் தாவும் நாய்கள் உண்டு. சுவரோரம் கல்தொட்டி, விறகுக்கட்டு எதுவும் வைத்தால் சுவர் உயரத்தில் அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

கோயில் கொடை நாளும் தீபாவளியும் தனி. வேட்டுச் சத்தத்தில் மிரண்ட நாய் திசை பார்க்காமல் ஓடி நாலு ஊர் தாண்டும். சாயங்காலமே நடத்திக் கூட்டிவந்து உள்ளறையில் அடைத்துவிடுங்கள்.

சித்திரை வெயிலைத் தாங்குமா?

முடி குட்டை, உள்முடி கிடையாது என்பதால் மற்ற நாய்களைவிடத் தாங்கும். ஆனால் வெயிலில் ஓடினால் எந்த நாயும் தாங்காது. பங்குனி முதல் ஆனி வரை நடை காலை 7 மணிக்குள் முடியட்டும். புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் நாய்க்கும் முடியாது. தண்ணீர் சாதாரண நாளில் 1 லிட்டர் குடிக்கும், கோடையில் அதன் இரண்டு மடங்கு வையுங்கள்.

நாயின் இயல்பான சூடு 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். மூச்சு இரைத்து, நாக்கு அடர்சிவப்பாகி, எச்சில் கெட்டியாகி, தள்ளாடினால் வெப்பத்தாக்கு. நிழலுக்குத் தூக்கி, குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி விசிறி போடுங்கள். ஈரத் துணியைப் போர்த்தி விடாதீர்கள், அது சூட்டை அடைக்கும். 39.5-க்கு வந்ததும் நனைப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். எழுந்து நடந்தாலும் போக வேண்டும். சிறுநீரகச் சேதம் அடுத்த நாள்தான் வெளியே தெரியும்.

உண்ணி போகவே மாட்டேன் என்கிறதே?

நாயை மட்டும் பார்த்தால் போகாது. இரத்தம் குடித்துப் பெருத்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். காரை பெயர்ந்த தொழுவும் ஓலைக் கூரையும் அதற்கு அரண்மனை. விரிசலைச் சிமெண்டு வைத்து அடையுங்கள், சுண்ணாம்பு அடியுங்கள், படுக்கும் சாக்கை வாரம் ஒருமுறை கொதிநீரில் போடுங்கள். உண்ணி மருந்துத் தெளிப்பு சுவருக்கும் வேண்டும்; டப்பாவில் போட்ட அளவுக்குமேல் ஒரு சொட்டும் கூடாது. இரண்டு வாரம் கழித்து மறுபடி அடியுங்கள்.

நாய்க்கு ஃப்ளூரலனர் மாத்திரை ஒன்று ஏறக்குறைய 12 வாரம் தாங்கும், அஃபாக்ஸோலனர் ஒரு மாதம். இரண்டும் எடைக்கணக்குப்படிதான், வலிப்பு வந்த நாய் என்றால் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள். மாட்டுக்கு வைத்திருக்கும் ஐவர்மெக்டின் ஊசியைக் குத்துமதிப்பாகப் போடுவது ஊர்களில் சகஜம். அதில் போன நாய்கள் பல. மண்ணெண்ணெய் தடவினால் உண்ணி சாவதைவிடத் தோல் வெந்துபோவதுதான் நடக்கும்.

தினமும் தேட வேண்டிய இடங்கள்: காதின் உள்மடிப்பு, விரலிடுக்கு, பட்டைக்கு அடியில், அக்குள். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், நகத்தால் நசுக்க வேண்டாம்.

காய்ச்சல், சோறு மறுப்பு, மூக்கில் இரத்தம் என்றால் எர்லிக்கியா என்ற உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போனால் பெபீசியா என்ற இன்னொரு உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். ஈறை விரித்துப் பாருங்கள், வெளுத்திருந்தால் அன்றே இரத்தப் பரிசோதனை. எர்லிக்கியாவுக்கு டாக்ஸிசைக்ளின் வழக்கமாக 28 நாள் கொடுப்பார்கள். நாலாம் நாள் நாய் துள்ளிக் குதிக்கும். அன்றே மாத்திரையை நிறுத்தினால் திரும்ப வரும்.

தடுப்பூசியும் பூச்சிமருந்தும் எப்போது?

6-8 வாரத்தில் முதல் கூட்டுத் தடுப்பூசி, பிறகு 3-4 வார இடைவெளியில் 16 வாரம்வரை. வெறிநாய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில், பின் ஆண்டுதோறும். குடற்புழுவுக்கான பூச்சிமருந்து இரண்டு வார வயதிலிருந்து இரு வாரத்துக்கு ஒருமுறை, மூன்று மாதத்துக்குப்பின் மாதம் ஒருமுறை, ஆறு மாதத்துக்குப்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஐப்பசி கார்த்திகை மழையில் வாருகால் தண்ணீரும் வயல் தண்ணீரும் எலி மூத்திரம் கலந்து ஓடும். ஊசியில் லெப்டோவும் (எலிக்காய்ச்சல் தடுப்பு) சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

பார்வோ என்ற கிருமி நோய் வந்து குட்டி செத்த இடத்தில் ஓராண்டுக்குத் தடுப்பூசி முடியாத புதுக்குட்டியைக் கொண்டுவராதீர்கள். அந்தக் கிருமி மண்ணில் அவ்வளவு காலம் கிடக்கும்.

தோல் பொசுக்கென்று கிழிந்துவிடுகிறது. என்ன செய்ய?

தோல் மெலிசு, அடியில் கொழுப்பு இல்லை. உடைமுள்ளில் உரசினாலே கிழியும். ஆறவைத்த 1 லிட்டர் வெந்நீரில் ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு கலந்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் பீய்ச்சிக் கழுவுங்கள். சுத்தத் துணியால் மூடிச் சில மணி நேரத்துக்குள் தையலுக்குக் கொண்டுபோங்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள், சாம்பல் எதையும் உள்ளே அப்பாதீர்கள். மருத்துவர் அதைச் சுரண்டி எடுத்தபிறகுதான் தைக்க முடியும். சீமைக்கருவேல முள் பாதத்துக்குள் ஒடிந்துவிட்டால் நாலைந்து நாளில் விரலிடுக்கில் சீழ்க்கட்டி கிளம்பும். நொண்டுகிற நாயின் பாதத்தை வெளிச்சத்தில் விரித்து ஒவ்வொரு இடுக்காகப் பாருங்கள்.

முழங்கையில் தழும்பு விழாதிருக்க நாலு மடிப்புச் சாக்கு வேண்டும். தார்சாவின் வெறும் சிமெண்டில் படுக்கவிடாதீர்கள்.

கருத்தடை ஆபரேஷனுக்கு முன் மருத்துவரிடம் என்ன சொல்ல வேண்டும்?

'இது கிரேஹவுண்ட் வார்ப்பு' என்று சொல்லுங்கள். அந்த வகை நாய்கள் தயோபென்டோன் போன்ற மயக்க மருந்திலிருந்து தெளிய மிக நேரமாகும்; கொழுப்பு குறைவு, ஈரல் அந்த மருந்தை மெதுவாகத்தான் கழிக்கும். வேறு மருந்துகள் இருக்கின்றன, மருத்துவர் தேர்ந்தெடுப்பார். மயக்கத்தில் உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும், போர்வை கொண்டுபோங்கள். இரத்தப் பரிசோதனையில் சிவப்பணு அளவு கூடுதலாகவும் தைராய்டு அளவு குறைவாகவும் வருவது இந்த வார்ப்புக்கு இயல்பாக இருக்கலாம். சிக்கலான நிலைக்கு ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

குட்டி வாங்கும்போது எதைப் பார்ப்பது?

தாயைப் பார்க்காமல் வாங்காதீர்கள். தாய் ஆளைக் கண்டு நடுங்கி ஒளிந்தால் குட்டியும் அப்படித்தான் வரும். 8 வாரம் ஆகாத குட்டியை விற்பது 2017 நாய் இனப்பெருக்க விதிகளின்படி குற்றம். பொட்டை நாய்க்கு 18 மாதம் ஆகாமல் இணை சேர்ப்பதும், ஆயுளில் ஐந்து ஈத்துக்குமேல் எடுப்பதும் அப்படியே. அண்ணன் தங்கை சேர்த்து எடுத்த குட்டியா என்று நேரடியாகக் கேளுங்கள்; 'ரத்தம் மாறாமல் வைத்திருக்கிறோம்' என்று பெருமையாகச் சொன்னால் எழுந்து வந்துவிடலாம். கென்னல் கிளப் (நாய் இனப் பதிவு அமைப்பு) காகிதம் கொடுத்தால், நாயின் தோலுக்கடியில் வைத்த மைக்ரோசிப் எண்ணை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

காது வெட்டுவது, வயிற்றில் சூடு போடுவது இரண்டும் வதை. சூட்டால் எந்த நோயும் போனதில்லை.

சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஆகுமா?

ஆகும். கடிக்கிற நாய் இல்லை, ஒதுங்குகிற நாய். ஆனால் தூங்கும்போது தொட்டால் திடுக்கிட்டு உறுமும், சில சமயம் பல் படும். அது படுக்கும் மூலைக்குப் பிள்ளைகள் போகக் கூடாது என்பதை வீட்டுச் சட்டமாக வையுங்கள். பல் பட்டுவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீருமாக 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்கு. ஊசி போட்ட நாய் என்பதால் விட்டுவிடக் கூடாது.

நாலு நாள் ஊருக்குப் போனால் எங்கே விடுவது?

பெரும்பாலும் இது ஓர் ஆளோடு ஒட்டும் நாய். புது இடத்தில் ஒருநாள் இரண்டுநாள் பட்டினி கிடக்கும். தண்ணீர் குடித்தால் பயமில்லை. முடிந்தவரை நாயை நகர்த்தாமல், அது ஏற்கெனவே கையில் வாங்கித் தின்னும் ஒருவரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். அவரிடம் மூன்று விஷயம் சொன்னால் போதும்: கதவைத் திறக்குமுன் கயிறு மாட்ட வேண்டும், அவிழ்த்துவிடவே கூடாது, சாப்பிடாவிட்டால் தட்டை 20 நிமிடத்தில் எடுத்துவிட வேண்டும். விசிலையும் அவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.